கம்பெனி இன்சூரன்ஸில் பாலின மாற்று அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்குமா?

கேட்டிருப்பவர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் திருநங்கை. கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு கையில் இருக்கிறது, அதை நம்பி டாக்டரிடம் தேதி வாங்கலாமா என்கிறார்.

தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். என் தம்பி திருநம்பி. அவனுடைய மார்பு அறுவை சிகிச்சைக்காக 2022, 2023 இரண்டு வருடமும் இன்சூரன்ஸ் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். முதலில் பாலிசியின் முழு வாசகத்தை வாங்கிப் படியுங்கள். எச்.ஆர். அனுப்பும் இரண்டு பக்கச் சுருக்கம் போதாது.

அதில் ‘விலக்குகள்’ என்ற பகுதியில் 07 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் விலக்குகளின் வாசகத்தை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரி ஆக்கியது. உடலை எதிர்ப்பாலினத்தின் தன்மைக்கு மாற்றும் எந்தச் சிகிச்சைக்கும், அறுவை சிகிச்சை உட்பட, பணம் கிடையாது என்பதுதான் அந்த 07.

எங்களுக்கு அது தெரியாது. கஸ்டமர் கேரில் கேட்டபோது "சர்ஜரி எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி அட்மிஷன் தேதி வாங்கினோம். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் தம்பியின் பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு, "பேஷண்ட் எங்கே?" என்று என்னைக் கேட்டார். அவன் என் பக்கத்தில்தான் நின்றான். பிறகு ஒரு தாளை நீட்டினார். கேஷ்லெஸ், அதாவது இன்சூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது, நிராகரிப்பு; காரணம் ஒரே வரி. கையைத் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், எப்போதும் டி-ஷர்ட் போடுகிறவன் பட்டன் வைத்த சட்டை நான்கு வாங்கி, துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தான். அந்தப் பையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐக் காட்டியும் எழுதிப் பார்த்தேன். அதன் 15-வது பிரிவு அறுவை சிகிச்சை, ஹார்மோன், லேசர் எல்லாவற்றுக்கும் காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்கிறது. ஆனால் அந்தக் கடமையை அரசின் மேல்தான் வைக்கிறது. தனியார் பாலிசியில் இருக்கும் 07 அதனால் தானாக அழிந்துவிடவில்லை. இது அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்களுக்குக் கை கொடுத்தது ரெனியூவல். குழு பாலிசி உங்கள் கம்பெனிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது, கூடுதல் பிரீமியம் கட்டி ஒரு விலக்கை நீக்கச் சொல்லிக் கம்பெனி கேட்கலாம். தம்பி ரெனியூவலுக்கு மூன்று மாதம் முன்பே எச்.ஆருக்கு எழுதினான். 07-ஐ மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள். அதற்கு அடுத்த 08, தோற்றத்தை மாற்றும் காஸ்மெட்டிக் சிகிச்சைக்கான விலக்கு. அது அப்படியே இருந்தால் மார்பு, முகம் சம்பந்தமான எதையும் அதைக் காட்டி நிறுத்த இடமிருக்கிறது. பாலின உறுதிச் சிகிச்சைக்கு 08 பொருந்தாது என்றும், எவ்வளவு தொகை வரை என்றும் எழுத்தில் வர வேண்டும். இந்த மாற்றத்தைப் பாலிசியில் சேர்க்கும் தாளான எண்டார்ஸ்மென்ட்டின் நகலை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடமும் ‘மருத்துவ ரீதியாகத் தேவை’ என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள்.

அடுத்த தொல்லை பெயர். எச்.ஆர். பட்டியலில் ஒரு பெயர், ஆஸ்பத்திரி ஃபைலில் இன்னொரு பெயர் என்றால் கிளைம் அங்கேயே நிற்கும். 2023-ல் தம்பி திருநர்களுக்கான தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, பிரமாணப் பத்திரம் கொடுத்து, மருத்துவப் பரிசோதனை எதுவும் இல்லாமல் கலெக்டர் அப்போது தந்த சான்றிதழை வாங்கினான். அதை வைத்து ஆதார், பிறகு பான், கடைசியாக எச்.ஆர். பட்டியல். இனிஷியல் உட்பட எல்லாம் ஒன்றாகும் வரை அட்மிஷன் போடவில்லை. அந்த ஜூலையில் கிளைம் வந்தது.

ஹார்மோன் ஊசிக்கும் மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கும் இதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். படுக்கையில் சேர்ந்தால்தான் பெரும்பாலான பாலிசி பணம் தரும். உங்கள் கம்பெனி புறநோயாளிச் செலவுக்குத் தனியாக ஏதாவது தருகிறதா என்று கேளுங்கள்.

கம்பெனி மறுத்தாலும் வழி இருக்கிறது. திருநர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் திட்டத்துக்கு 2022 ஆகஸ்டில் அரசுத் தரப்பில் ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய், அறுவை சிகிச்சையும் ஹார்மோனும் அதில் உண்டு. அதே தேசிய இணையதளச் சான்றிதழ் வேண்டும், வேறு அரசுத் திட்டத்தில் இதே பலனைப் பெறுகிறவராக இருக்கக் கூடாது. நீங்கள் சென்னையில் இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நேரில் போய் விசாரியுங்கள். தமிழ்நாட்டில் இந்த அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் பல வருடமாக இலவசமாகவே நடக்கிறது.

விலக்கை நீக்கிய பிறகும் கிளைமை மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் 07 பாலிசியில் இருக்கும்போது போனால், அவர் கையிலும் அதே வாசகம்தான் இருக்கும்.

உங்கள் பாலிசி ரெனியூவல் எந்த மாதம் என்று கீழே எழுதுங்கள். தம்பி எச்.ஆருக்கு அனுப்பிய கடிதம் என்னிடம் இருக்கிறது, பெயரை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.