ஃப்ரீசர் நிறையத் தாய்ப்பால், மார்பில் கட்டி: என்ன செய்யலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தலைப்பிள்ளைக்கு ஏழு வாரம். சாயங்காலமானால் ஓயாமல் அழுகிறான். பால் பத்தவில்லை என்கிறார் மாமியார். பயந்துபோய், ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் பம்ப் வைத்து எடுக்கிறேன். இப்போது ஃப்ரீசர் நிறைந்துவிட்டது. இடது மார்பில் கட்டிகட்டியாக வலிக்கிறது. மிச்சப் பாலைத் தானம் கொடுக்கலாமா? ஓரகத்தியும் தன் குழந்தைக்குக் கேட்கிறாள்.

பதில்: உங்களுக்குப் பால் குறைவில்லை அம்மா, கூடிப்போயிருக்கிறது. மார்பிலிருந்து எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு ஊறும். பிள்ளை குடித்த பிறகும் பம்ப் வைத்து உறிஞ்சினால் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருப்பதாக உடம்பு நினைத்துக்கொண்டு அதற்கேற்பச் சுரக்கும். அப்புறம் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

ஆறேழு வாரத்தில் சாயங்கால அழுகை உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அரைமணிக்கு ஒரு தடவை மார்பு தேடுவதும் இயல்புதான். பால் பத்துகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது, நாப்கினைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறு, அதற்கு மேல் நன்றாக நனைகிறதா? கிளினிக்கில் கொடுத்த ரோடு டு ஹெல்த் புத்தகத்தில் எடைக்கோடு ஏறிக்கொண்டே போகிறதா? சரி, அந்தப் பக்கத்தை மாமியாரிடம் காட்டுங்கள். அவரும் பேரன் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். பூண்டுக்குழம்பும் சுறாப்புட்டும் செய்துகொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள். பால் ஊறுவதற்கு அதைவிடப் பிள்ளை சரியாகக் கவ்வுவதுதான் முக்கியம். வாயை அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, காம்பு மட்டுமல்லாமல் கருவளையத்தின் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும். குடித்து முடித்ததும் காம்பு நசுங்கி, லிப்ஸ்டிக் முனை மாதிரி சாய்ந்திருந்தால் கவ்வல் சரியில்லை என்று அர்த்தம்.

கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்து அழுத்தித் தேய்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே வீங்கியிருக்கும் சதையை நசுக்கினால் வீக்கம் கூடத்தான் செய்யும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக் கூடியவை. வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தால் ஐபுபுரூஃபன் போடுமுன் டாக்டரைக் கேளுங்கள். அந்தப் பக்கமும் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பம்பை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளையாகக் குறைத்து வாருங்கள். குளிர்காய்ச்சல் வந்து, தோல் சிவந்து, ஒரு நாளில் தணியவில்லையென்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இனி தானம். தாராளமாகக் கொடுக்கலாம், மிக நல்ல காரியம். கேப்டவுனில் மில்க் மேட்டர்ஸ், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து தொடங்கிய சவுத் ஆப்ரிக்கன் பிரெஸ்ட்மில்க் ரிசர்வ் போன்ற தாய்ப்பால் வங்கிகள் இந்நாட்டில் இருக்கின்றன. டர்பனில் பால் சேகரிக்கும் இடம் எது என்று பக்கத்து ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். காசு வாங்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். புகை, மது, மருந்து பற்றிக் கேட்பார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் தெரிய வேண்டும். பிறகு பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவார்கள். 1,500 கிராமுக்கும் குறைவாகப் பிறக்கும் பிஞ்சுகளில் சிலருக்குக் குடல் சுவரே அழுகிப்போகும் ஒரு நோய் வரும். பவுடர் பால் குடிப்பவர்களைவிடத் தானப்பால் குடிப்பவர்களுக்கு அது குறைவாகவே வருகிறது. ஒரு கிலோ குழந்தைக்கு ஆரம்ப நாட்களில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் குழாய் வழியே போகும். உங்கள் ஒரு பை அங்கே எத்தனை வேளைக்கு வரும் என்று பாருங்கள்! ஆனால் தானத்துக்காக என்று பம்பைக் கூட்டிவிடாதீர்கள். தானாக மிஞ்சுவதைக் கொடுத்தால் போதும்.

ஓரகத்திக்கு நேரடியாகக் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உறவு என்பதால் பரிசோதனை வேண்டாம் என்று ஆகாது. கர்ப்பத்தில் எடுத்த எச்ஐவி சோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும். சில மருந்துகளும் பாலில் இறங்கும். அவருக்கு ஏன் பால் குறைகிறது என்று பார்க்க, பாலூட்டல் ஆலோசகரிடமோ கிளினிக் சிஸ்டரிடமோ கூட்டிப்போங்கள். அதுதான் பெரிய உதவி.

ஃப்ரீசரில் இருப்பதில் தேதி எழுதாத பைகளை வங்கிக்குத் தர வேண்டாம். தேதி உள்ளவற்றை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. லோட் ஷெட்டிங் என்று கரண்டை நிறுத்தினால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பாலில் இன்னும் ஐஸ் படிகம் இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுக்க உருகிவிட்டதென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளைக்குள் உங்கள் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள்.