மூன்றாவது அடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூருக்குப் போய் வால்ட்ஸ் என்கிற மேல்நாட்டு ஜோடி நடனம் கற்றுக்கொள்கிறோம். வகுப்பில் பாக்ஸ் ஸ்டெப், அதாவது தரையில் கட்டம் போடுவதுபோல அடி வைப்பது, ஓரளவு வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரிக்குத் திரும்பி, வீட்டு ஹாலில் ‘ப்ளூ டேன்யூப்’ போட்டு ஆடினால், நான் முன்னால் வரும்போதெல்லாம் அவர் காலை மிதித்துவிடுகிறேன். அவர் சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியும் பயனில்லை. “ஐம்பதுக்கு மேல இதெல்லாம் ஏறாது, விட்டுடலாம்” என்கிறார். புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் கட்டிக்கொண்டு நிற்பது என்ன பழக்கம் என்று மாமியாருக்குக் கோபம். விட்டுவிடலாமா?

ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

அன்புள்ள வாசகிக்கு,

விடாதீர்கள். இதில் வயதுக்கு வேலையே இல்லை.

முதலில் அந்த இசையை மாற்றுங்கள். ‘ப்ளூ டேன்யூப்’ 1867-ல் ஸ்ட்ராஸ் தந்த வியன்னா வால்ட்ஸ். அந்த வகை ஆட்டம் போட்டிகளில் நிமிடத்துக்கு 60 ‘தகிட’ வரை ஓடும் (ஒன்று, இரண்டு, மூன்று சேர்ந்தது ஒரு தகிட). வகுப்பில் உங்களுக்குச் சொல்லித்தருவது அநேகமாக மெதுவான வால்ட்ஸ், அது 28, 30 தகிடதான். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் வீட்டில் ஆடிப் பார்த்துவிட்டு வயதைக் குறை சொல்கிறார் உங்கள் வீட்டுக்காரர். ‘ஸ்லோ வால்ட்ஸ்’ என்று தேடிப் போடுங்கள்.

இனி அந்த மிதி. மிதித்தது நீங்கள், ஆனால் தவறு பெரும்பாலும் அவர் பக்கம் என்றே நினைக்கிறேன். வால்ட்ஸில் தாளம் மூன்று, நமக்கு இருப்பது இரண்டு கால், அதனால் ஒவ்வொரு தகிடவும் வேறு காலில்தான் தொடங்கும். அவர் இடது காலை முன்னால் வைக்கிறார், வலதைப் பக்கவாட்டில் வைக்கிறார், மூன்றில் இடதைக் கொண்டுவந்து வலதோடு சேர்க்கிறார். அப்படிச் சேர்க்கும்போது உடம்பின் எடை முழுக்க இடது காலுக்குப் போயாக வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் பாதத்தைச் சும்மா பக்கத்தில் கொண்டுவந்து தொட்டுவிட்டு அதுதான் மூன்றாவது அடி என்று நினைத்துக்கொள்கிறார்கள், எடை வலதிலேயே நின்றுவிடுகிறது. அடுத்த ஒன்றுக்கு அவருடைய வலது கால் பின்னால் போக வேண்டும், ஆனால் எடையைச் சுமந்துகொண்டிருக்கும் கால் எப்படி நகரும்? அது அங்கேயே நிற்கிறது, உங்கள் இடது கால் சரியான நேரத்தில் முன்னால் வந்து அதன் மேல் இறங்குகிறது. எத்தனை சத்தமாக எண்ணினாலும் இது சரியாகாது, ஏனென்றால் வாய் மூன்று சொல்லிவிடுகிறது, உடம்பு இரண்டிலேயே நிற்கிறது.

இசை இல்லாமல், ஆளுக்கொரு பக்கம் தனியாக நின்று பழகுங்கள். மூன்றாவது அடி வைத்ததும் அப்படியே நின்று, சேர்த்த கால் தாங்கிக்கொண்டிருக்க மற்றக் காலைத் தரையிலிருந்து இலேசாகத் தூக்கிப் பாருங்கள். உடம்பு சாயாமல் கால் எழுந்தால் எடை மாறிவிட்டது. ஒரு பக்கம் தள்ளாடினால் மாறவில்லை. உங்களுக்கும் இதே சோதனைதான், கால்கள் மட்டும் எதிர்மாறாக: வலது பின்னால், இடது பக்கவாட்டில், வலது சேரும்.

எண்களுக்குப் பதில் தகிட சொல்லிப் பார்க்கலாம். எங்கள் தருமபுரிப் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்த யாருக்கும் அது காதில் ஊறிய கணக்கு. ‘த’வுக்கு அழுத்தம் கொடுங்கள், ஆனால் ‘ட’வை விழுங்கிவிடாதீர்கள், எடை மாறுவது அங்கேதான்.

அப்புறம் தரை. கிருஷ்ணகிரி வீடென்றால் ஹாலில் கிரானைட்டாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் சாக்ஸோடு ஆடினால் வழுக்கும். ரப்பர் அடி உள்ள செருப்பு ஒட்டிப் பிடிக்கும், திரும்பும்போது பாதம் நிற்க முழங்கால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். தோல் அடி வைத்த ஷூ இருந்தால் நல்லது. தலையைக் குனிந்து காலைப் பார்க்காதீர்கள், எடை முன்பக்கம் சாய்ந்துவிடும். உங்கள் இடது தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும் அவர் கையிலேயே அவர் எந்தப் பக்கம் நகரப் போகிறார் என்பது தெரிந்துவிடும்.

மாமியார் மேல் வருத்தப்படாதீர்கள். 1816-ல் லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகையே இந்த ஆட்டத்தை, இப்படிக் கட்டிக்கொண்டு ஆடுவதற்காகத்தான், அநாகரிகம் என்று கண்டித்து எழுதியது. அவரையும் சோபாவில் உட்காரவைத்து உங்களுக்குத் தகிட சொல்லச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார் என்றே நம்புகிறேன்.

அடுத்து வகுப்பில் பாக்ஸைக் கால்வாசி கால்வாசிச் சுற்றாகத் திருப்பி ஆடச் சொல்லித்தருவார்கள். மூன்றாவது அடியில் எடை தானாக மாறும்வரை அதற்குப் போக வேண்டாம், உங்கள் ஆசிரியரிடம் இதைச் சொல்லி இன்னும் கொஞ்ச நாள் நேர் பாக்ஸிலேயே இருங்கள்.

அன்புடன்