வாசகர் கேள்விகள்: ‘ஃப்ரீ ஃபயர்’ ஆடுகிற பிள்ளை பாவம் செய்கிறானா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ ஆடுகிறான். சுடுகிற விளையாட்டு கொலைப்பாவம் என்று கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கித்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் தினமும் சண்டை. உண்மையிலேயே பாவமா?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அம்மா, ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளை (நம் கணக்கில் ஆறாவது, கத்தோலிக்க, லுத்தரன் சபைகளில் ஐந்தாவது) மனித உயிரைப் பறிப்பதைப் பற்றியது. திரையில் விழுவது உயிரல்ல, படம். கொலைப்பாவம் என்ற வாதம் நிற்காது. நிற்காத வாதத்தை இன்றைக்குச் சொன்னால், நாளைக்கு நியாயமானதைச் சொல்லும்போதும் பையன் காது கொடுக்கமாட்டான்.

அதற்காக ‘படம்தானே’ என்று விட்டுவிடவும் முடியாது. ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகுஸ்தீன் தன் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமில் கூட்டாளிகள் அவரை வாள்வீரர்களின் சண்டைக்கு இழுத்துப் போனார்கள். கண்ணை இறுக மூடியே உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஆரவாரித்த ஒரு கணத்தில் கண்ணைத் திறந்தார். அதோடு அந்தக் கொடூரத்தில் மயங்கிப்போனார். அங்கே செத்தது நிஜ மனிதர்கள், திரையில் அப்படி இல்லை. ஆனால் கொடுமை மனதுக்குள் இனிக்கத் தொடங்குவதை அகுஸ்தீன் காட்டியது இன்றைக்கும் பொருந்தும். ஆகவே ஒரு விளையாட்டில் முதலில் பார்க்கவேண்டியது, அது எதற்குப் பரிசு கொடுக்கிறது என்பது. ஃப்ரீ ஃபயரில் ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள், கடைசிவரை நிற்பவருக்கு வெற்றி. எதிரே நிற்பவர் கையிலும் ஆயுதம் உண்டு. கள்ளன்-போலீஸ் ஆட்டத்துக்கு இது தூரமில்லை. ஒன்றும் அறியாதவர்களை வதைத்தால் மதிப்பெண், பெண்களை இழிவுபடுத்தினால் வேடிக்கை என்று அமைந்தவை வேறு ரகம். ‘தீங்கான காரியத்தை என் கண்முன் வைக்கேன்’ (சங்கீதம் 101:3) என்று சொல்கிற வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. ப்ளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்குக் கீழே 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயது போட்டிருக்கும். இறக்குவதற்கு முன் அதைப் பாருங்கள்.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட தீர்மானத்தையும் சொல்லவேண்டும். இந்த விளையாட்டுகள் நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு என்றார்கள். எங்கள் பார்வையில், பல வீடுகளில் பாவம் நடப்பது துப்பாக்கியில் அல்ல, மைக்கில். தோற்ற ஆத்திரத்தில் முகம் தெரியாத ஒருவனின் தாயைத் திட்டுவது விளையாட்டுக் கணக்கில் சேராது. சகோதரனை வீணனென்றும் மூடனென்றும் சொல்வதைப் பற்றி மத்தேயு 5:22-ல் ஆண்டவர் கடுமையாகவே பேசியிருக்கிறார். ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லி, ஸ்பீக்கரில் மூன்று மேட்ச் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்கக்கூடாதது கேட்டால் செட்டிங்ஸில் வாய்ஸ் சாட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தெரிந்த நண்பர்கள் மட்டும் உள்ள அணியில் ஆடட்டும்.

தினசரிச் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் கடிகாரம்தான். ஒரு மேட்ச் சுமார் 10 நிமிடம் போகும். நடுவில் போனைப் பிடுங்கினால் அவனை நம்பி ஆடுகிற அணியும் தோற்கும், ரேங்க் புள்ளியும் குறையும். ‘அரை மணி’ என்று சொல்லாமல் ‘பள்ளி நாளில் 2 மேட்ச், சனிக்கிழமை 4’ என்று பேசி வையுங்கள். கடைசி மேட்ச் தொடங்குமுன் அவனே வந்து சொல்லவேண்டும். ‘பிஜிஎம்ஐ’ (பப்ஜியின் இந்திய வடிவம்) ஆடினால் ஒரு மேட்ச் அரை மணி நேரம்வரை இழுக்கும். அதில் ஒன்றே போதும்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் என் போனிலிருந்து ஒரு விளையாட்டில் ‘வைரம்’ வாங்கவும் சக்கரம் சுற்றவும் 4,200 ரூபாய் செலவழித்துவிட்டான். அடிக்கவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை.
– ஒரு தந்தை, தூத்துக்குடி

பதில்: இங்கே இரண்டு காரியங்கள் உண்டு. கேளாமல் எடுத்தது களவு. அதை அவனிடம் அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். ஆனால் அந்தச் சக்கரத்தை அமைத்தவர்களுக்கும் பங்குண்டு. எந்தப் பொருள் வரும் என்று தெரியாமல் காசு போட்டுச் சுற்றுவது சூதாட்டத்தின் அச்சு. காசு போட்டுத் திறக்கும் இத்தகைய பரிசுப்பெட்டிகள் சில, சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே சொன்னது. ரூபாயை முதலில் வைரமாக மாற்றவைப்பதும் காரணமாகத்தான். 80 ரூபாய் போனால் பிள்ளைக்கு உறைக்கும், 100 வைரம் போனால் உறைக்காது.

பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ப்ளே ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேளுங்கள். அந்த நேரம் தாண்டினாலும், பிள்ளை தெரியாமல் வாங்கியது என்று விவரமாக எழுதிக் கேட்டுப்பாருங்கள். பிறகு ப்ளே ஸ்டோரில் சேமித்துவைத்த கார்டையும் யுபிஐ-யையும் நீக்குங்கள். வாங்கும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பேரன்டல் கன்ட்ரோல்ஸில் வயது வரம்பைப் போட்டு, போன் பூட்டுக்கு உள்ள எண்ணல்லாத வேறு பின் கொடுங்கள். அந்த வயது வரம்பு புதிதாக இறக்குவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே போனில் இருப்பதை நீங்கள்தான் அழிக்கவேண்டும்.

இத்தனையும் செய்தும் காசு போகிற வீடுகள் உண்டு. ரொட்டி வாங்கிவரக் கடைக்கு அனுப்பும்போது யுபிஐ பின்னைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ரீசார்ஜ் விற்கும் இணையதளங்களில் அந்தப் பின் ஒன்றே போதும். ப்ளே ஸ்டோர் பூட்டு குறுக்கே வராது. இன்றே பின்னை மாற்றுங்கள்.

மகன் அந்த 4,200-ஐத் திருப்பித் தரட்டும். கைச்செலவுக் காசில் வாரம் 50 ரூபாய் என்றாலும் 84 வாரம் ஆகும், அது நீளம். வீட்டுவேலைக்கு ஒரு தொகை பேசி, ஆறேழு மாதத்தில் முடியும்படி வையுங்கள். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான் (லூக்கா 19:8). பிள்ளைக்கு ஒரு மடங்கு போதும், ஆனால் ஒரு மடங்கு முழுமையாக.

கேள்வி: ஆன்லைன் ரம்மி திறமை விளையாட்டுத்தானே? விசுவாசி ஆடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: காசுக்கு ஆடக்கூடாது. திறமை இருந்தாலும் உங்கள் லாபம் இன்னொரு வீட்டின் நஷ்டமாகத்தான் வருகிறது. பிறனுடையதை இச்சியாதிருப்பாயாக என்ற கட்டளை அங்கேயே இடிக்கிறது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடைசெய்கிறது.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். இரவு இரண்டு மணிவரை ஆடுகிறேன். முடித்ததும் குற்ற உணர்வு. விளையாட்டு என்பதே வீணா, நான் அடிமையாகிவிட்டேனா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, விளையாட்டு வீணல்ல. சகரியா கண்ட எருசலேமின் வீதிகள் விளையாடுகிற பிள்ளைகளால் நிறைந்திருந்தன (8:5). அளவோடு விளையாடுவது நற்பண்பு, அறவே களிப்பில்லாதிருப்பதும் குறை என்று இடைக்கால இறையியலாளர் தோமா அக்வினாஸ் எழுதினார். 2025 செப்டம்பர் 7-ல் கத்தோலிக்க சபையில் புனிதராக அறிவிக்கப்பட்ட இத்தாலிய இளைஞர் கார்லோ அகுதிஸ் ப்ளேஸ்டேஷன் ஆடியவர்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே வரம்பு வைத்திருந்தார்.

பவுல் கேட்பது வேறு: ‘நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்’ (1 கொரிந்தியர் 6:12) என்று உங்களால் சொல்ல முடிகிறதா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் விளையாட்டு அடிமைத்தனத்துக்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கெடுதல் வந்த பின்னும் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் நோய் என்பார்கள். ஆனால் மனந்திரும்ப 12 மாதம் காத்திருக்கத் தேவையில்லை.

லெந்து நாட்களில் இறைச்சியை விடுகிற வீடுகள் நம்மிடம் உண்டு. இப்போதே 14 நாள் விளையாட்டை விட்டுப்பாருங்கள். மூன்றாம் நாளிலேயே பலர் தோற்பதற்குக் காரணம், ஆப்பை அழித்துவிட்டு வாட்ஸ்அப் அணிக் குழுவில் இருந்துவிடுவது. ‘வாடா, ஒரு ஆள் குறையுது’ என்று ஒரு செய்தி போதும். அணியிடம் முன்னமே சொல்லிவிட்டு வெளியேறுங்கள். தினமும் நுழைந்தால் பரிசு என்பது நாளைக்கும் உங்களை வரவைக்கப் போட்ட தூண்டில்; அறுந்தால் அறுந்துபோகட்டும். போனை இரவு பத்து மணிக்கு அடுப்பங்கரையில் சார்ஜ் போடுங்கள், எழும்ப ஒரு அலாரக் கடிகாரம் வாங்குங்கள். 14 நாளும் முடியாமல், தூக்கமும் படிப்பும் கெட்டால், ஜெபத்தோடு மருத்துவத்தையும் நாடுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண் இலவசம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ‘ஷட்’ கிளினிக் இருக்கிறது.

கேள்வி: பேய், மந்திரம் வருகிற விளையாட்டு?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: பேயை எதிர்த்து நிற்கிற கதையும் பேயை அழைக்கிற சடங்கும் ஒன்றல்ல. உபாகமம் 18 தடுப்பது இரண்டாவதை. ஆனாலும் உங்கள் மனச்சாட்சி உறுத்தினால் ஆடாதீர்கள். ‘விசுவாசத்தினால் வராத யாவும் பாவமே’ (ரோமர் 14:23). உறுத்தாத தங்கையை நியாயந்தீர்க்கவும் அதே அதிகாரம் இடம் கொடுக்கவில்லை.

கேள்வி: வாலிபர் ஐக்கியத்தில் வீடியோ கேம் போட்டி நடத்தலாமா?
– ஒரு வாலிபர் தலைவர், திருச்சி

பதில்: நடத்தலாம். துப்பாக்கி விளையாட்டை விட்டு, கால்பந்தோ கார் பந்தயமோ வையுங்கள். சிறுவர்களும் பெரியவர்களும் ஒன்றாக உட்காரலாம். நுழைவுக் கட்டணம் வாங்கி அதையே பரிசாகக் கொடுக்காதீர்கள், அது பந்தயமாகிவிடும். கால்பந்தில் ஒரு பாதிக்கு 4 நிமிடம் என்று வைத்தால், இரண்டு டிவியில் 16 பேரின் நாக்-அவுட் போட்டி இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராகட்டும். ஆலய வளாகத்தில் போனை நோண்டிக்கொண்டு உட்காரமாட்டார்.