கோபோல் நிரலில் ஹோஸ்ட் பெயரைக் கொடுத்தால் தப்பான ஐபி முகவரி வருவது ஏன்?

கேள்வி இது: ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் கணக்குப் பிரிவு. கோபோல் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரலைப் புது 64 பிட் லினக்ஸ் சர்வருக்கு மாற்றி, ஜிஎன்யூ கோபோலில் கம்பைல் செய்திருக்கிறார்கள். கெட்ஹோஸ்ட்பைநேம் என்ற சி ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஐபி முகவரி எடுக்கும் இடத்தில் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் பதில் வருகிறது. அதைவிடச் சின்னப் பெயர் எதற்கும் வருவதில்லை. வந்த ஒன்றும் 192.168.1.20 என்று வராமல் 193.169.2.21 என்று வருகிறது. நெட்வொர்க் ஆள் பார்த்துவிட்டு ‘டிஎன்எஸ் நல்லாத்தான் இருக்கு’ என்கிறார் (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சேவைதான் டிஎன்எஸ்). எங்கே தேடுவது?

நெட்வொர்க் ஆள் சொல்வது சரி, அவரை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நான்கு எண்ணும் சொல்லி வைத்தாற்போல் ஒன்று கூடி வருகிறது அல்லவா? எந்த டிஎன்எஸ்ஸும் அப்படித் தப்பு செய்யாது. கோபோலின் ஆர்ட் ஃபங்ஷன் ஒரு எழுத்தின் வரிசை எண்ணை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. பைட்டின் மதிப்பு பூஜ்யம் என்றால் ஆர்ட் தருவது 1. 192 என்றால் 193. முகவரியின் நான்கு பைட்டையும் பிக் எக்ஸ், அதாவது எழுத்து, ஆக எடுத்து ஆர்ட் போட்டிருக்கிறீர்கள், ஒன்றைக் கழிக்கவில்லை. கழியுங்கள். இல்லை, பைனரி-சார் அன்சைன்ட் (கழித்தல் குறி இல்லாத ஒரு பைட் எண்) என்று அறிவித்து நேராக எடுங்கள். அன்சைன்ட் விட்டுப்போனால் இதே முகவரி -64, -88, 1, 20 என்று வரும், பயப்பட வேண்டாம்.

இனி பெரிய விஷயம், அந்த ஒரு பெயருக்கு மட்டும் ஏன் பதில் வருகிறது என்பது.

கோபோலில் பிக் எக்ஸ்(12) என்று ஒரு இடம் ஒதுக்கி ஏழெழுத்துப் பெயரைப் போட்டால், மீதி ஐந்து இடத்தையும் அது வெற்றிடத்தால் நிரப்பிவிடும். கோபோலுக்கு அதுவே முழுப் பெயர், ஏனென்றால் அகலம் எவ்வளவு என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். சி மொழிக்கு அகலம் தெரியாது. மதிப்பு பூஜ்யமான ஒரு பைட் வரும்வரை படித்துக்கொண்டே போகும். ஆக உங்கள் நிரல் டிஎன்எஸ்ஸிடம் கேட்பது வாலில் ஐந்து வெற்றிடம் ஒட்டிய ஒரு பெயரை. அப்படி ஒரு கம்ப்யூட்டர் உலகத்திலேயே கிடையாது, ‘இல்லை’ என்று பதில் வருகிறது. பதில் வருகிற அந்தப் பெயர் சரியாகப் பன்னிரண்டு எழுத்து இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இடம் முழுதும் நிரம்பிவிட்டதால் வெற்றிடத்துக்கு வேலையில்லை. அடுத்த பைட் தற்செயலாகப் பூஜ்யமாக இருந்திருக்கிறது. நாளைக்கு யாராவது அதன் பக்கத்தில் இன்னொரு அறிவிப்பைச் சேர்த்தால் அந்த ஒன்றும் போய்விடும்.

இதற்கு ஒரு பைட் கூடுதலாக உள்ள தனி இடம் ஒன்று வேண்டும். ஸ்ட்ரிங் கட்டளையில் ட்ரிம் செய்த (வால் வெற்றிடத்தை வெட்டிய) பெயரையும் அதன் பின்னால் எக்ஸ்"00" என்பதையும் டெலிமிட்டெட் பை சைஸ் என்று சேர்த்து அந்த இடத்தில் வைத்து அனுப்புங்கள். பெயர் நிரலிலேயே எழுதியிருந்தால் மேற்கோளுக்கு முன் இசட் போட்டு இசட்"..." என்றால் போதும், பூஜ்யம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ட்ரிம் வெற்றிடத்தை மட்டும்தான் வெட்டும், டேபை வெட்டாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வாரக் கூலிப் பட்டியல் நிரலைப் பார்க்கப் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பெயர்ப் பட்டியலை யாரோ எக்ஸலிலிருந்து ஒட்டியிருந்தார்கள், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு டேப். திரையில் ஒன்றும் தெரியாது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் காட்டும் ‘ஓடி -சி’ என்ற லினக்ஸ் கட்டளையை அதன் மேல் ஓட்டியதும் எழுத்துக்குப் பின்னால் சாய்கோடும் ‘டி’யும் வரிசையாக நின்றன. அந்த ஆபீசில் அதற்குள் ரூட்டரையே மாற்றிவிட்டிருந்தார்கள்! பெயரை டிஸ்ப்ளே செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரு சதுர அடைப்பைப் போட்டுக் காட்டுங்கள், வால் இருந்தால் தெரிந்துவிடும்.

பெயர் சரியாகப் போன பிறகு திரும்பி வருவதில் சிக்கல் இருக்கலாம். அந்த ஃபங்ஷன் தருவது முகவரி அல்ல, ஹோஸ்ட்என்ட் என்ற ஒரு அமைப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் பாயிண்டர். 64 பிட்டில் அந்தப் பாயிண்டர் 8 பைட். பழைய 32 பிட் நிரலில் அதை வாங்க 4 பைட் எண் ஒன்றை வைத்திருந்தால், பாதி வெட்டுப்பட்டு, ‘அட்டெம்ப்ட் டு ரெஃபரென்ஸ் அன்அலகேட்டட் மெமரி’ என்று நிரல் விழும். யூசேஜ் பாயிண்டர் என்று அறிவியுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் ‘நல்’ (எந்த இடத்தையும் காட்டாத வெற்றுப் பாயிண்டர்) வரும், அதைச் சோதிக்காமல் செட் அட்ரஸ் ஆஃப் செய்தாலும் இதே செய்தியோடுதான் விழும். அதனால் முதலில் நல் சோதனை, பிறகு மற்றது.

அந்த அமைப்புக்குள் 64 பிட்டில் வரிசை இது: பெயருக்கு 8 பைட் பாயிண்டர், மாற்றுப் பெயர்களுக்கு 8, முகவரி வகைக்கு 4, நீளத்துக்கு 4, முகவரிப் பட்டியலுக்கு 8. மொத்தம் 32. வகையும் நீளமும் ஐபிவி4 என்றால் 2, 4 என்று வர வேண்டும். உங்களுக்கு 33554432, 67108864 என்று வந்தால் மெமரி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பிக் எஸ்9(9) காம்ப் என்று எழுதியிருக்கிறீர்கள், ஜிஎன்யூ கோபோல் வழக்கமான அமைப்பில் அதைப் பெரிய பைட் முதலில் என்ற வரிசையில் படிக்கிறது, இன்டெல் மெஷின் சின்ன பைட்டை முதலில் வைக்கிறது. காம்ப்-5 அல்லது பைனரி-லாங் என்று மாற்றினால் 2, 4 ஆகிவிடும்.

கடைசிப் பாயிண்டர் முகவரியைக் காட்டாது. முகவரிகளைக் காட்டும் பாயிண்டர்களின் பட்டியலைக் காட்டும். அதாவது இரண்டு படி இறங்க வேண்டும். ஒரு படியோடு நின்றுவிட்டால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு ஐபி வரும். அப்படி வந்தால் பாயிண்டரின் பைட்டுகளையே முகவரி என்று அச்சிடுகிறீர்கள்.

நெட்வொர்க் ஆளுக்கும் ஒரு வார்த்தை. அவர் என்எஸ்லுக்அப்பில் பார்த்திருப்பார். அது நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது. நிரலோ என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் உள்ள வரிசைப்படி, பெரும்பாலும் அந்த சர்வரிலேயே பெயரும் முகவரியும் எழுதி வைத்த ஹோஸ்ட்ஸ் கோப்பை முதலில் பார்த்துவிட்டுத்தான் டிஎன்எஸ்ஸுக்குப் போகும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்ற கட்டளைதான் பொருத்தம். டெபியன் வகை லினக்ஸில் சர்வர் தன் சொந்தப் பெயரைக் கேட்டால் 127.0.1.1 வருவதும் இதனால்தான். நிறுவும்போதே ஹோஸ்ட்ஸ் கோப்பில் அப்படி ஒரு வரி எழுதப்படுகிறது.

இவ்வளவும் சொன்னாலும், நான் இப்போதெல்லாம் ஹோஸ்ட்என்ட்டை கோபோலில் பிரிப்பதே இல்லை. கெட்ஹோஸ்ட்பைநேம் 2008ஆம் ஆண்டு பாசிக்ஸ் என்ற யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. தரும் பதிலை ஒரே நிலையான இடத்தில் வைப்பதால் அடுத்த அழைப்பில் முந்தைய பதில் அழிந்துவிடும் என்ற தொல்லையும் உண்டு. இருபது முப்பது வரியில் ஒரு சி ஃபங்ஷன் எழுதுங்கள். உள்ளே பெயருக்கு முகவரி தேடும் கெட்அட்ரின்ஃபோ, பிறகு கெட்நேம்இன்ஃபோவில் எண்ணாகவே கேட்டு, முகவரியைப் புள்ளி வைத்த எழுத்தாகத் திருப்பித் தரட்டும். கோபோல் பக்கத்தில் ஒரு பிக் எக்ஸ் இடமும் ஒரு ரிட்டர்ன் எண்ணும் இருந்தால் போதும். ஜிஎன்யூ கோபோலின் கம்பைலரான சிஓபிசி கட்டளையில் கோபோல் கோப்போடு சி கோப்பின் பெயரையும் கொடுத்தால் சேர்த்தே கம்பைல் செய்துவிடும். காட்பாடிப் பக்கம் புதிதாகப் படித்து வரும் பையன்கள் கோபோலைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், இந்தச் சி துண்டை மட்டும் ஆசையாக எழுதித் தருவார்கள்.

அப்புறம், ரிட்டர்ன் எண்ணை வீணாக்காதீர்கள். லினக்ஸில் -2 என்றால் பெயரே இல்லை: பெயரை அடைப்போடு அச்சிட்டு நிரலை நிறுத்துங்கள். -3 என்றால் இப்போதைக்குப் பதில் இல்லை. மாதப் பராமரிப்புக்கு இபிகாரர்கள் கரண்ட்டை நிறுத்தும் நாளில் சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், ரூட்டர் அணைந்து கிடக்கும். அப்போது வருவது இந்த -3தான். ஒவ்வொரு டிஎன்எஸ் சர்வருக்கும் 5 விநாடி, 2 முயற்சி என்பது வழக்கமான அமைப்பு. அதனால் நூறு பெயர் உள்ள பட்டியலை அந்த நேரத்தில் ஓட்டினால் திரை அசையாமல் நிற்கும். முதல் -3 வந்த உடனேயே பட்டியலை நிறுத்திவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி அந்தப் பெயரிலிருந்தே தொடங்கும்படி எழுதிக்கொள்ளுங்கள்.