சூடான சாறு இறைக்க எந்த பம்ப் வாங்கலாம்?

கேள்வி: அண்ணாச்சி, வீட்டிலேயே நன்னாரி சர்பத் காய்ச்சி விற்கிறேன். 50 லிட்டர் அண்டாவில் வேரைக் கொதிக்கவிட்டு, செம்பால் மொண்டு மொண்டு வடிகட்டுவதற்குள் கை வெந்துபோகிறது. மெல்போர்னில் இருக்கும் தம்பி பொழுதுபோக்காக வீட்டில் பியர் காய்ச்சுகிறான். அங்கே அதற்குத் தடையில்லையாம். அவனிடம் இருக்கும் சின்ன பம்ப் கொதிநீரையே இறைக்கிறது என்கிறான், ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வரவா என்றும் கேட்கிறான். வீட்டுக்காரரோ, ஏர்கூலர் மோட்டார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது இது எதற்கு என்கிறார். எதை வாங்கட்டும்?
— வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கூலர் மோட்டார் வேண்டவே வேண்டாம். அது பச்சைத் தண்ணீருக்கென்று செய்தது. கொதிக்கிற சாற்றில் அதன் பிளாஸ்டிக் இளகும், உள்ளே மோட்டாரை மூடியிருக்கும் பூச்சும் விடும். குடிக்கிற பொருளுக்கு அது ஆகாது. ஆர்.ஓ. மெஷினில் வரும் குட்டி பம்பும் சூட்டுக்கு நிற்காது.

தம்பி சொல்வது காந்த பம்பாக இருக்க வேண்டும். மேசைக்கு மேலே ஊசியை வைத்து அடியில் காந்தத்தை நகர்த்தினால் ஊசியும் கூடவே நகருமே, அதே சங்கதிதான். மோட்டார் ஒரு காந்தத்தைச் சுற்றும். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் இம்பெல்லர், அதாவது சாற்றைத் தள்ளும் சக்கரம், அதோடு சேர்ந்து சுற்றும். நடுவே தண்டு துளைத்துப் போகாததால் அந்த இடத்தில் கசிவதற்கு சீல் கிடையாது, மோட்டாரின் கிரீஸ் சாற்றில் கலக்கவும் வழியில்லை.

பியர் காய்ச்சுகிறவர்கள் முளைவிட்டுக் காய்ந்த பார்லியை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் ஊறவிடுவார்கள். அடியில் வடியும் இனிப்புத் தண்ணீரை பம்ப் வழியாக மேலே ஏற்றி, அதே பார்லியின் மேல் திரும்பத் திரும்ப விடுவார்கள். உமியே சல்லடையாக நின்று சாறு தெளியும். உங்கள் வேருக்கும் இந்த வழியைப் பாருங்கள். அண்டாவின் அடியில் எவர்சில்வர் சல்லடைத் தட்டு போட்டு, இடித்த வேரைத் துணியில் கட்டி வைத்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் மிதமான சூட்டில் சாற்றைச் சுற்றவிடுங்கள். நன்னாரியின் மணமே ஆவியோடு போவதுதான். இப்படிச் செய்தால் அதில் கொஞ்சம் மிஞ்சும். சல்லடை இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், வேர்த்தூள் இம்பெல்லரில் சிக்கிக்கொள்ளும்.

தம்பி வாங்கி வரலாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவில் இருந்து வருவதென்றால் 120 வோல்ட்டாக இருக்கும், நம் சாக்கெட்டில் சொருகினால் புகைந்துவிடும். சாறு ஓடும் தலைப்பகுதி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தலையிலும் சூடு தாங்குவது உண்டு, ஆனால் மரை சீக்கிரம் தேய்ந்துவிடும். எலுமிச்சை சேர்ப்பீர்கள் என்றால் பித்தளை இணைப்புகளைத் தவிருங்கள். இன்னொன்று, அங்கே வாங்குவதற்கு இங்கே வாரண்டி கேட்க முடியாது. அதனால் இம்பெல்லர் ஒன்றும் ஓ-ரிங் (கசியாமல் அடைக்கும் வளையம்) இரண்டும் கூடவே வாங்கி வரச் சொல்லுங்கள். இங்கேயே வாங்குவதாக இருந்தால், எத்தனை டிகிரி தாங்கும், உணவுக்கு ஏற்றதா என்ற இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் வாயால் சொன்னது நாளைக்கு உதவாது.

மாட்டுகிற விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். இந்த பம்ப் தானாக உறிஞ்சாது. அண்டாவின் டேப்புக்குக் கீழே இது இருக்க வேண்டும், சாறு தன் எடையாலேயே இறங்கி இதை நிரப்ப வேண்டும். வெளியேறும் வாய் மேல்நோக்கி இருந்தால் காற்று தானாகப் போய்விடும். உள்ளே வரும் ஹோஸ் குட்டையாக, குறைந்தது அரை இஞ்சு உள்விட்டத்தில், நடுவில் மேடு இல்லாமல் இருக்கட்டும். சிலிக்கான் ஹோஸ்தான் சரி. கடையில் தொங்கும், கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப் சூட்டில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும், சாற்றில் வாடையும் ஏறும்.

முதலில் இரண்டு பக்கமும் திறந்து, வெளிவாயில் சாறு எட்டிப் பார்த்த பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். வேகத்தைக் குறைக்க வெளிப்பக்க வால்வைத் திருகுங்கள். உள்பக்க வால்வைத் திருகினால் உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைந்து, கொதிக்கிற சாறு குழாய்க்குள்ளேயே ஆவியாகும். சரளைக்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். உடனே நிறுத்துங்கள். அடுப்பை அணைத்து ஒரு 90 டிகிரிக்கு இறங்கவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள்.

சர்க்கரை போட்ட பாகை ஆறவிட்டு இறைக்காதீர்கள். கெட்டிப்பாகில் காந்தம் நழுவி, மோட்டார் மட்டும் சுற்றும், இம்பெல்லர் நின்றுவிடும். சூடாக இருக்கும்போதே பாட்டில் பக்கம் ஏற்றிவிட்டு, கையோடு வெந்நீர் ஓட்டிக் கழுவுங்கள். மின்சார வேலை செய்பவரிடம் சொல்லி அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். ஈரத்தரை, ஈரக்கை, இரும்புத் தலை மூன்றும் சேர்கிற இடம் அது. இந்தச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: பியர் காய்ச்சும் சாமான்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. நான் குடிப்பதற்கு மட்டும் வீட்டில் காய்ச்சலாமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். சொந்த உபயோகம் என்பது அதற்கு விலக்கு ஆகாது. சாமான் விற்பனைக்கு இருப்பதாலேயே காய்ச்ச அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பதநீர் காய்ச்சும் எங்கள் பனைவிளைக்காக ஆன்லைனில் காந்த பம்ப் வாங்கினேன். 'உணவுக்கு ஏற்றது, 100 டிகிரி தாங்கும்' என்று போட்டிருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்துத் திண்ணையில் வைத்து, வட்டையில் (காய்ச்சும் அகலப் பாத்திரம்) ஹோஸை விட்டேன். உறுமுகிறதே தவிர ஒரு சொட்டு ஏறவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள், பணம் தர முடியாது என்கிறார்கள்.
— வாசகர், ராதாபுரம்

பதில்: திண்ணை வட்டையைவிட உயரம் என்றால், பம்ப் நன்றாக இருந்தாலும் ஏறாது. முதலில் ஒரு சோதனை. அடியில் டேப் வைத்த வாளியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி நாற்காலியில் வையுங்கள், பம்பைத் தரையில் வையுங்கள். தண்ணீர் இறங்கி நிரம்பியதும் ஓட்டுங்கள். கொட்டினால் பம்ப் நல்ல பம்ப்தான். இடத்தை மாற்றினால் தீர்ந்தது.

தரையோடு இருக்கும் அடுப்பில் பம்பைத் தாழ்த்த வழியில்லை என்றால் உங்களுக்கு வேண்டியது தானாக உறிஞ்சும் வகை. காய்ச்சுவதற்கு முந்திய பதநீர் என்றால் உணவுக்கு ஏற்ற டயாபிரம் பம்ப் (உள்ளே ஒரு சவ்வு அசைந்து உறிஞ்சுவது) போதும். எதுவானாலும் அலுமினிய உடல் வேண்டாம், பதநீரில் இருக்கும் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். படிகிற சுண்ணாம்பை அவ்வப்போது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசல் ஓட்டிக் கழுவுங்கள்.

வாளிச் சோதனையிலும் ஏறவில்லை என்றால் விடாதீர்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பில், சோதனையின் வீடியோ மூன்றையும் வைத்துக்கொண்டு, விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழையுங்கள். அடுத்தது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கியதை வணிக நோக்கமாகக் கருத மாட்டார்கள். நீங்களே நின்று காய்ச்சுகிறீர்கள், அதுதான் குடும்ப வருமானம் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். புகார் தீரும்வரை பம்பைக் கழற்றிப் பார்க்கவோ எடைக்குப் போடவோ வேண்டாம், ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும்.