நெடும்பயணத்தில் பாட்டு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மாதந்தோறும் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் சென்று வருகிறேன். என்னுடையது பழைய கார், ரேடியோவும் சி.டி. பிளேயரும் உண்டு, ப்ளூடூத் இல்லை. செங்கல்பட்டைத் தாண்டிச் சிறிது தூரத்திலேயே பண்பலை இரையத் தொடங்கிவிடுகிறது. புதிய ஸ்டீரியோ மாட்ட ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். செலவு குறைவான வழி ஏதும் உண்டா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: கடைக்காரரிடம் போவதற்கு முன் உங்கள் செட்டின் முகப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இயர்போன் செருகும் அளவில் சிறு துளையும் அருகில் ‘ஆக்ஸ்’ என்ற எழுத்தும் இருந்தால், நூறு, இருநூறு ரூபாய் ஒயரோடு வேலை முடிந்துவிடும். உங்கள் செல்பேசியில் அந்தத் துளை இல்லையென்றால் மட்டும் டைப்-சி மாற்றி ஒன்று கூடுதலாகத் தேவைப்படும். ஆக்ஸ் வழியாகப் பாட்டு ஓடும்போதே செல்பேசியைக் காரிலேயே சார்ஜ் போட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு கீச்சொலி பாட்டோடு சேர்ந்து கேட்கலாம். ஸ்டீரியோ பழுது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். மின்சாரத்துக்கும் ஒலிக்கும் எர்த் பாதை இரண்டு வழியாக இணைந்துவிடுவதால் வரும் இரைச்சல்தான் அது. செல்பேசியைப் பவர் பேங்கில் சார்ஜ் செய்தால் அந்த ஒலி நின்றுவிடும்.

ஆக்ஸ் இல்லையென்றால், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செல்பேசியின் பாட்டை அது ப்ளூடூத் வழியாக வாங்கி, காருக்குள் மட்டும் கேட்கும் மிகச் சிறிய பண்பலை நிலையமாக மாறி ஒலிபரப்ப, உங்கள் ரேடியோ அதைப் பிடித்துக்கொள்கிறது. அலைவரிசைத் தேர்வில்தான் பலர் சறுக்குகிறார்கள். சென்னையில் 90.4இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி தொடங்கி, அதற்கு மேல் தனியார் நிலையங்களும் ஆகாசவாணியும் நெருக்கமாக இடம்பிடித்திருப்பதால், பலமான அந்த அலைகளுக்கு நடுவே உங்கள் கருவியின் மெல்லிய அலை அமுங்கிப்போகும். ஆகவே 88க்குப் பக்கத்தில், பாட்டோ பேச்சோ கேட்காத ஓர் இடத்தை ரேடியோவில் முதலில் கண்டுபிடித்து, அதே எண்ணை டிரான்ஸ்மிட்டரிலும் வையுங்கள். திருச்சி, மதுரை போன்ற ஊர்களை நெருங்கும்போது இரைச்சல் வந்தால் எண்ணை மாற்றவேண்டியிருக்கும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு மாற்றுவதே நல்லது. ஒலித்தரம் ஒயரின் அளவுக்கு இராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சி.டி. பிளேயரில் ‘எம்பி3’ என்று அச்சிடப்பட்டிருந்தால் அதையும் ஒதுக்காதீர்கள். வழக்கமான ஆடியோ சி.டி. 80 நிமிடங்களோடு முடிந்துவிடும். அதே வட்டில் எம்பி3 கோப்புகளாக எழுதினால், பாட்டுக்கு 5 எம்.பி. என்று கொண்டாலும், 700 எம்.பி.யில் சுமார் 140 பாடல்கள் அடங்கும். வட்டில் எழுதித் தரும் கணினியைத் தேடிப் பிடிப்பதுதான் இப்போது சிரமம்.

பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை என்பதால், கோபுரத்தின் உயரத்தைப் பொறுத்தே அவை எட்டும் தூரம் அமைகிறது. இந்தக் காரணத்தாலேயே, மலைமேலிருந்து 100.5இல் ஒலிபரப்பாகும் கொடைக்கானல் பண்பலை சமவெளியில் வெகுதூரம் கேட்கிறது. திருச்சிக்குத் தெற்கே அதைத் தேடிப் பாருங்கள்; காசே செலவில்லை, என் கணக்கில் அந்த வழித்தடத்தின் சிறந்த துணையும் அதுதான்.

கேள்வி: ஸ்ட்ரீமிங் செயலியில் பாட்டு கேட்டால் வழியில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. அதனால் 64 ஜி.பி. பென் டிரைவ் வாங்கிப் பாடல்களை நிரப்பினேன். வீட்டுக் கணினியில் பாடுகிறது, கார் செட்டோ அதை ஏற்கவே மறுக்கிறது. ஏன்?
- வாசகர், ஈரோடு

பதில்: கொள்ளளவுதான் காரணமாக இருக்கவேண்டும். 64 ஜி.பி.யும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் ‘எக்ஸ்ஃபேட்’ என்ற கோப்பு அமைப்பில் (கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) வருகின்றன. பழைய கார் செட்டுகள் பலவற்றுக்கு ‘ஃபேட்32’ மட்டுமே புரியும். 16 அல்லது 32 ஜி.பி. ஒன்றை வாங்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்துகொண்டு நிரப்புங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதால், அதைப் பாடல்களை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடவேண்டும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1 எம்.பி. ஆகும்; 16 ஜி.பி.யில் 3,000 பாடல்கள் வரை கொள்ளும். அதற்கு மேல் எதற்கு?

கோப்புகள் எம்பி3 ஆகவே இருக்கட்டும். எம்4ஏ வகையைப் பல செட்டுகள் பாடா. கோப்புப் பெயரைத் தமிழில் எழுதினால் சில செட்டுகளின் திரையில் வெறும் கட்டங்களே தெரியும், அங்கே மட்டும் ஆங்கில எழுத்துக்கு இடம் கொடுங்கள். இன்னொன்று: சந்தா கட்டிச் செயலிக்குள் தரவிறக்கிய பாடல்களைப் பென் டிரைவில் நகலெடுத்துப் பாடவைக்க முடியாது, அவை அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டவை. ஆனால் சந்தா ஏற்கெனவே இருந்தால் உங்களுக்குப் பென் டிரைவே தேவையில்லை. புறப்படுவதற்கு முந்தைய இரவு வீட்டு வைஃபையில் பாடல்களைத் தரவிறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத இடத்திலும் செல்பேசியிலிருந்தே பாடும்.

கேள்வி: காரில் எந்த செட்டும் இல்லை. இயர்போன் போதாதா?
- வாசகர், தேனி

பதில்: போதாது என்பதைவிட, கூடாது. பின்னால் வரும் லாரியின் ஹாரனும் உங்கள் வண்டியின் டயர் சத்தமும் காதில் விழவேண்டும். சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும். ஆனால் அதை டேஷ்போர்டின் மேல் வைக்காதீர்கள். உருண்டு விழுந்து பிரேக் பெடலின் அடியில் சிக்கினால் ஆபத்து. பக்கத்துக் கதவின் பாட்டில் பையில் செருகி வையுங்கள்.