ஈறு வீக்கத்துக்குச் சர்க்கரைப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: வயது 52, மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன், பஸ் ஓட்டுகிறேன். பல் சுத்தம் செய்யப் போனேன். “முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள்” என்று பல் மருத்துவர் அனுப்பிவிட்டார். ஆறு மாதத்தில் மூன்று முறை ஈறு சீழ் பிடித்து வீங்கியது. அண்ணன் வீட்டில் மிச்சமிருந்த அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டதும் வற்றிவிட்டது. கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது. நாக்கின் பின்பக்கம் முண்டு முண்டாக இருக்கிறது. ஈறு நோய் மாரடைப்பு, மறதி நோய் வரை கொண்டுபோகும் என்று இணையத்தில் படித்தேன். அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் எடுத்தார்கள். தைப்பூசத்துக்கு அலகு குத்திக் காவடி எடுக்கிறேன். அது முடிந்த பிறகு பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. இந்த வாரமே பாருங்கள்.

நாக்கின் பின்பக்கம் வரிசையாக இருக்கும் முண்டுகள் எல்லோருக்கும் உண்டு. கண்ணாடி முன் நாக்கை இழுத்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். மாரடைப்பு, மறதி நோய் பற்றி இரவில் படிப்பதையும் விடுங்கள். அவற்றுக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்வது உண்மை, ஆனால் ஒன்றுதான் மற்றதைக் கொண்டுவருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை.

என்னை நிறுத்தியது வேறு. சீழ் திரும்பத் திரும்ப வருகிறது, பல்லும் ஆடுகிறது. ஒருமுறை ஈறு வீங்கினால் அழுக்கு, பல்காரை என்று விட்டுவிடலாம். ஆறு மாதத்தில் மூன்று முறை என்றால் உடம்பு கிருமியை எதிர்க்கத் திணறுகிறதா என்று கேட்டே ஆக வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றால் வெள்ளையணுக்களின் வேலை மந்தமாகும், ஈறில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடும், உமிழ்நீர் குறையும். அப்புறம் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். தாகம், அடிக்கடி சிறுநீர் என்று எதுவும் தெரியாமலே சிலருக்கு இது நடக்கிறது. அதனால்தான் சில நேரம் பல் மருத்துவர் முதலில் கண்டுபிடிக்கிறார். உங்களவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மொரிஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். உங்களுக்கோ அப்பா வழியிலும் இருக்கிறது.

அந்த அமாக்ஸிசிலின் செய்ததைச் சொல்கிறேன். வீக்கத்தை வற்ற வைத்தது, காரணத்தைத் தொடவே இல்லை. ஆறு மாதத்தை வீணாக்கியது. இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை அரைகுறையாகப் போட்டால் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். மிச்சம் இருந்தால் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பயம் பல்லைப் பற்றியது அல்ல, அப்பாவின் காலைப் பற்றியது என்று நினைக்கிறேன். சர்க்கரை பல வருடம் கட்டுப்படாமல் இருந்து, பாதம் மரத்து, புண் தெரியாமலே ஆழமாகப் போகும்போதுதான் பெரும்பாலும் காலை எடுக்க வேண்டி வருகிறது. 52 வயதில், ஈறு காட்டிக்கொடுத்த இடத்திலேயே பிடித்துவிட்டால் அந்த வழியில் போகாமல் தடுக்க நிறையவே செய்யலாம். பார்க்காமல் தள்ளிப்போடுவதுதான் எனக்குக் கவலை.

எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடாமல், பால் விட்ட தேநீர்கூட இல்லாமல், காலையில் போங்கள். உங்கள் பகுதி அரசு சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், அல்லது ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வோம். வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் கருவியில் பார்த்துவிட்டு “நார்மல்” என்று இருந்துவிடாதீர்கள்.

சர்க்கரை இருந்தாலும் ஈறு சிகிச்சையை விடக் கூடாது. ஈறை ஆழமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரை இல்லை என்று வந்தால், சிகரெட் பிடிக்கிறீர்களா என்பதைப் பல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஈறுக்கு அடுத்த பெரிய எதிரி அது.

காவடி உங்கள் நேர்த்திக்கடன், அதில் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் சர்க்கரை ஏறியிருக்கும்போது கன்னத்திலும் நாக்கிலும் குத்திய காயம் ஆறத் தாமதமாகும், சீழும் பிடிக்கலாம். முடிவு கையில் வந்த பிறகு, அலகு குத்தலாமா, விரதத்தில் என்ன சாப்பிடலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்குள் தாடைக்குக் கீழே வீக்கம் பரவினாலோ, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.